பைதன்-டொக்எக்ஸ்: அட்டவணையின் அகலம் யார் சொல்லைக் கேட்கிறது?

கொழும்பு 12, பழைய சோனகத் தெருவில் இரும்புச் சாமான் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவருக்கு, அவருடைய கையிருப்புப் பட்டியலிலிருந்து கொட்டேஷன் தயாரித்துக் கொடுக்கும் சிறிய செய்நிரல் ஒன்றை எழுதிக் கொடுத்திருக்கிறேன். பிடிஎஃப் போதாது, வேர்ட் கோப்பாகவே வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. கடைசி நேரத்தில் ஒரு விலையைக் குறைக்கவோ, ஏற்றுக்கூலி வேறாக என்று ஒரு வரி சேர்க்கவோ கடையில் நிற்கும் பிள்ளையாலேயே முடிய வேண்டும் என்று அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. அந்த வேலைக்கு நான் தேர்ந்தெடுத்தது பைதன் என்ற செய்நிரல் மொழிக்கென உள்ள பைதன்-டொக்எக்ஸ் (python-docx) என்னும் இலவச நூலகம், அதாவது வேர்ட் கோப்புகளை உருவாக்குவதற்கான ஆயத்தச் செய்நிரல்களின் தொகுப்பு. ஏறத்தாழ ஒரு வருடம் அதோடு பழகிய பின்னர் எழுதும் இந்த மதிப்பீட்டில் அதன் எல்லா வசதிகளையும் அளந்து பார்க்கப் போவதில்லை. எனக்கு அதிகம் தலையிடி தந்ததும், அதனாலேயே அதிகம் கற்றுத் தந்ததுமான ஒரே விடயத்தை, அதாவது அட்டவணையின் நிரல்களுக்கு அகலம் வைப்பதை, மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. நம் நாட்டுப் பாடப்புத்தகங்களில் உள்ளபடி, மேலிருந்து கீழே ஓடும் கொலத்தை நிரல் என்றும், குறுக்கே ஓடுவதை நிரை என்றும், ஒவ்வொரு பெட்டியையும் கலம் என்றும் எழுதுகிறேன். தமிழ்நாட்டில் நிரல் என்றால் புரோகிராம் என்பதால் அங்கிருந்து வாசிப்பவர்கள் குழம்பக்கூடும். இங்கே புரோகிராமுக்குச் செய்நிரல் என்ற சொல்லையே வைத்திருக்கிறேன்.

நூலகத்தின் பொது இயல்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எம்ஐடி உரிமத்தின் கீழ் வெளியாகும் திறந்த மூல மென்பொருள் இது. கணினியில் மைக்ரோசொப்ட் வேர்ட் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். லினக்ஸ் வழங்கியிலும் அப்படியே ஓடும். 2023இல் வெளிவந்த 1.0 பதிப்போடு பழைய பைதன் 2க்கான ஆதரவு கைவிடப்பட்டது. புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் முதற்படி அதன் பெயர்தான். நிறுவும்போது பைதன்-டொக்எக்ஸ் என்று முழுப்பெயரையும் கொடுக்க வேண்டும், செய்நிரலுக்குள் அழைக்கும்போது வெறும் டொக்எக்ஸ் என்று எழுத வேண்டும். நிறுவும்போதே வெறும் டொக்எக்ஸ் என்று கொடுத்தால் வேறொரு பழைய பொதி வந்து உட்கார்ந்துகொள்ளும். பந்திகள், தலைப்புகள், படங்கள், பக்க மேற்குறிப்புகள் ஆகிய எல்லாவற்றிலும் இந்த நூலகம் எனக்கு ஒரு நாளும் கை கொடுக்காமல் விட்டதில்லை. அட்டவணைக்கு வரும்போதுதான் கதை மாறுகிறது.

என் கொட்டேஷனில் ஆறு நிரல்கள்: தொடரிலக்கம், பொருள் விபரம், அலகு, அளவு, அலகு விலை, மொத்தம். ஆறு நிரல் கொண்ட அட்டவணை ஒன்றைச் சேர் என்று கேட்டவுடன் நூலகம் பக்கத்தின் எழுதும் பரப்பை ஆறு சம பங்காகப் பிரித்துக் கொடுத்தது. நூலகத்தோடு வரும் வெற்று வார்ப்புருவின் தாள் அமெரிக்க லெட்டர் அளவிலானது. எட்டரை அங்குல அகலத்தில் இடமும் வலமும் ஒன்றேகால் அங்குலம் விளிம்பு போக ஆறு அங்குலம் மிஞ்சும். ஆகவே ஒவ்வொரு நிரலும் ஓர் அங்குலம். "1" என்ற ஒற்றை இலக்கத்துக்கும் ஓர் அங்குலம், "கல்வனைசு செய்யப்பட்ட இரும்புக் குழாய், 2 அங்குலம்" என்பதற்கும் ஓர் அங்குலம். நான் பேசாமல் ஒவ்வொரு நிரலையும் பெயர் சொல்லி அழைத்து, அதன் அகலம் என்ற பண்புக்கு நான் விரும்பிய அளவைக் கொடுத்தேன். செய்நிரல் ஒரு முறைப்பாடும் இல்லாமல் ஓடியது. வீட்டில் லிப்ரே ஒபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் திறந்து பார்த்தேன். அளவெடுத்துத் தைத்த சட்டை போல இருந்தது. வெள்ளவத்தையில் இருந்து அதை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது கடையிலிருந்து தொலைபேசி வந்தது.

"தம்பி, இலக்கத்துக்கு இவ்வளவு இடம் விட்டிருக்கீங்க, சாமான்ட பேருக்கு இடமே இல்லையே?"

அவர் வேர்டில் திறந்திருந்தார். நான் வைத்த அகலங்களில் ஒன்றுகூட அங்கே போய்ச் சேரவில்லை. பழைய ஆறு சம பங்கே நின்றது. ஒரே கோப்பு, இரண்டு மென்பொருள், இரண்டு அட்டவணை. இது என் கவனக்குறைவுதான், வாடிக்கையாளரின் கணினியில் திறக்கப்போகும் மென்பொருளில் ஒரு தடவை பார்த்திருக்க வேண்டும். ஆனால் கவனக்குறைவு எங்கே விழுந்தது என்பதைத் தெரிந்துகொள்ளக் கோப்பைக் கிழித்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

டொக்எக்ஸ் கோப்பு, அதாவது வேர்ட் கோப்பு, என்பது உண்மையில் பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஒரு சிப் (zip) பொதி. பெயரின் வாலை மாற்றி விரித்தால் உள்ளே எக்ஸ்எம்எல் (XML) என்ற குறிமொழியில் எழுதப்பட்ட கோப்புகள் பல இருக்கும். ஆவணத்தின் உடல் அவற்றில் ஒன்றில் இருக்கிறது. இந்த வடிவம் 2006இல் எக்மா 376 என்ற நியமமாகவும், 2008இல் ஐஎஸ்ஓ 29500 என்ற சர்வதேச நியமமாகவும் வெளியானது. அதன்படி அட்டவணை ஒன்றின் அகலம் ஒரே இடத்தில் எழுதப்படுவதில்லை. அட்டவணையின் தலைமாட்டில் சட்டகம் என்று ஒரு பகுதி உண்டு. அதில் நிரலுக்கு ஒன்று வீதம் அகலங்கள் வரிசையாகக் குறிக்கப்படுகின்றன. அதற்குக் கீழே ஒவ்வொரு நிரையிலும் உள்ள ஒவ்வொரு கலமும் தனக்கென ஓர் அகலக் குறிப்பைத் தானே சுமந்திருக்கலாம். இவை இரண்டுக்கும் மேலே, இந்த அகலங்களை அப்படியே மதிக்க வேண்டுமா, இல்லை உள்ளடக்கத்துக்கு ஏற்ப நெகிழவிடலாமா என்று சொல்லும் இன்னொரு குறிப்பு இருக்கிறது. முழு அட்டவணையின் அகலத்துக்கென நான்காவது ஒன்றும் உண்டு. ஒரு காணிக்கு எல்லைக்கல்லும் உறுதிப்பத்திரமும் தனித்தனியே இருப்பது போன்ற ஏற்பாடு இது. இரண்டும் ஒத்துப்போகும்வரை ஒருவருக்கும் பிரச்சினையில்லை.

ஒத்துப்போகாதபோது வேர்ட் கலத்தின் குறிப்பை நம்புகிறது. லிப்ரே ஒபிஸ் பெரும்பாலும் சட்டகத்தை நம்புகிறது. பைதன்-டொக்எக்ஸ் அட்டவணையை முதலில் உருவாக்கும்போது சட்டகத்திலும் எழுதுகிறது, ஒவ்வொரு கலத்திலும் எழுதுகிறது. இரண்டிலும் அதே சம பங்குதான். பின்னர் நாம் நிரலின் அகலத்தை மாற்றும்போதோ சட்டகத்தில் உள்ள எண்ணை மட்டும் மாற்றிவிட்டு, கலங்களில் தானே முன்பு எழுதிய எண்களை அப்படியே விட்டுவிடுகிறது. வேர்ட் செய்ததில் பிழையில்லை. அதற்கு அந்தப் பழைய எண்கள் கலங்களில் கண்முன்னே இருந்தன, அவற்றின்படி அது வரைந்தது.

இந்த நூலகத்தின் மீது எனக்குள்ள மனத்தாங்கல் இங்கேதான் தொடங்குகிறது. அறியாமையால் அப்படி வடிவமைத்தார்கள் என்று சொல்ல வழியில்லை. ஏனென்றால் புதிய நிரல் ஒன்றைச் சேர்க்கும் கட்டளை, அதாவது அட் கொலம் என்பது, அகலத்தைக் கேட்டு வாங்கிச் சட்டகத்திலும் எழுதி, ஏற்கெனவே உள்ள எல்லா நிரைகளிலும் தான் சேர்க்கும் கலங்களிலும் எழுதுகிறது. புதிய நிரை சேர்க்கும் கட்டளையான அட் ரோ, சட்டகத்தைப் பார்த்து அதில் உள்ள அகலங்களைப் புதிய கலங்களுக்கு வழங்குகிறது. இரண்டு இடத்திலும் ஒத்துப்போக வேண்டும் என்பது எழுதியவர்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. இருக்கும் நிரலின் அகலத்தை மாற்றும் பண்பில் மட்டும் அந்த ஒழுங்கு விடுபட்டுப் போயிருக்கிறது. அந்தப் பண்புக்கான விளக்கக் குறிப்போ, இது நிரலின் அகலம், வெளிப்படையாக வைக்கப்படாவிட்டால் ஒன்றுமில்லை என்ற அளவில் முடிந்துவிடுகிறது. வாசிப்பவருக்கு வேறெதையும் சந்தேகிக்க இடமில்லை.

வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வு, எல்லா நிரைகளிலும் உள்ள எல்லாக் கலங்களையும் ஒவ்வொன்றாகச் சுற்றிவந்து கலத்தின் அகலத்தை வைப்பது. அது சரியாகவே வேலை செய்யும். நானும் முதல் இரண்டு மாதம் அப்படித்தான் செய்தேன். ஆனால் அட் ரோ எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிந்த பிறகு அதைவிடச் சுத்தமான வழி ஒன்று கிடைத்தது. அட்டவணையை உருவாக்கும்போது நிரைகளின் எண்ணிக்கையைப் பூச்சியம் என்று கொடுங்கள். நிரைகள் இல்லாதபோது பழைய அகலத்தைச் சுமந்து நிற்கக் கலம் எதுவும் இருக்காது. இப்போது ஆறு நிரல்களுக்கும் அகலத்தை வையுங்கள். அது சட்டகத்தில் மட்டும் பதிவாகும். அதன் பிறகு தலைப்பு நிரையையும் பொருள் நிரைகளையும் ஒவ்வொன்றாகச் சேருங்கள். சேரும் ஒவ்வொரு கலமும் சட்டகத்திலிருந்து சரியான அகலத்தை எடுத்துக்கொண்டே பிறக்கும். சுற்றிவரும் வேலையே இல்லை. வேர்டும் லிப்ரே ஒபிஸும் ஒரே அட்டவணையைக் காட்டும். கையில் தரவு முழுவதும் இருப்பதால் இத்தனை நிரை என்று முன்கூட்டியே கேட்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இந்த நூலகத்தில் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது.

அகலம் சரியாக எழுதப்பட்ட பின்னரும் நெகிழ்வு என்ற குறிப்பு பாக்கி இருக்கிறது. இயல்பாக அட்டவணை நெகிழும் நிலையிலேயே பிறக்கும். அந்நிலையில் நாம் கொடுக்கும் அகலம் ஒரு விருப்பம் மாத்திரமே. உடைக்க முடியாத நீண்ட சொல் ஒன்று வந்தால் வேர்ட் அந்த நிரலை அகட்டிவிட்டு அடுத்தவற்றைக் குறுக்கிக்கொள்ளும். என் கொட்டேஷனில் இந்தக் குழப்பத்தைச் செய்தவை தயாரிப்பாளர்களின் பொருட்குறியீடுகள். இடைவெளி இல்லாத இருபது எழுத்துக் குறியீடு ஒன்று விபர நிரலுக்குள் வந்தால் மொத்தத் தொகையின் நிரல் சுருங்கி, சதம் அடுத்த வரிக்கு இறங்கிவிடும். பணம் எழுதும் இடத்தில் அது நடக்கவே கூடாது. அட்டவணையின் ஓட்டோஃபிட் என்ற பண்பை இல்லை என்று வைத்தால் அகலங்கள் நிலைத்து நிற்கும். அதற்குப் பதிலாக நீண்ட குறியீடு நடுவில் முறிந்து அடுத்த வரிக்குப் போகும். எனக்கு அது பரவாயில்லை. உங்களுடைய அட்டவணையில் குறியீடு முறியக்கூடாது, தொகை முறிந்தாலும் பரவாயில்லை என்றால் நீங்கள் மாறித் தேர்ந்தெடுக்கலாம், அப்படி ஒரு வியாபாரியை நான் இன்னும் சந்திக்கவில்லை.

தாளின் அளவை அட்டவணைக்கு முன்னரே மாற்றிவிட வேண்டும். இங்கே எல்லா இடத்திலும் ஏ4 தாள்தான். கொமினிகேஷன் கடையில் போய் லெட்டர் தாள் கேட்டால் நம்மை மேலும் கீழும் பார்ப்பார்கள். 21 செ.மீ. அகலமுள்ள தாளில் இருபுறமும் 2 செ.மீ. விளிம்பு விட்டால் 17 செ.மீ. எழுதும் பரப்பு கிடைக்கும். அதை நான் பங்கிட்ட விதம் இது: தொடரிலக்கத்துக்கு 1.0, விபரத்துக்கு 7.0, அலகுக்கும் அளவுக்கும் 1.5 வீதம், அலகு விலைக்கு 2.8, மொத்தத்துக்கு 3.2. கூட்டினால் சரியாகப் பதினேழு. தொடரிலக்கத்தின் ஒரு செ.மீ. தாராளம் என்று நினைக்க வேண்டாம்; வேர்டின் வழமையான கல ஓரவெளி இடமும் வலமும் 1.9 மி.மீ. வீதம் உண்டு, அது போக எழுத்துக்கு மிஞ்சுவது 6.2 மி.மீ.தான். மொத்தத்துக்கு 3.2 வைத்ததற்குக் காரணம் நம் நாட்டு விலைவாசி. முன்பு ஆறு இலக்கத்தில் அடங்கிய கொட்டேஷன்கள் இப்போது ஏழு இலக்கத்தையும் இரண்டு காற்புள்ளிகளையும் சதத்தையும் கேட்கின்றன.

அளவுகளை எழுதும்போது அலகின் பெயரை விடக்கூடாது. நூலகம் உள்ளுக்குள் ஈஎம்யூ என்ற நுண்ணலகில் கணக்கிடுகிறது. ஓர் அங்குலத்துக்கு 914,400, ஒரு செ.மீ.க்கு 360,000. கோப்பில் எழுதும்போது அதை, எழுத்தின் அளவைக் குறிக்கும் அலகான புள்ளியின் இருபதில் ஒரு பங்கு என்ற அலகுக்கு மாற்றுகிறது. அதன்படி அங்குலத்துக்கு 1440, செ.மீ.க்கு ஏறத்தாழ 567. ஆகவே செ.மீ. என்ற உறை, அதாவது எண்ணைச் சுற்றி எழுதும் அலகின் பெயர், இல்லாமல் வெறும் 7 என்று கொடுத்தால் அது ஏழு ஈஎம்யூ ஆகி, கோப்பில் பூச்சியமாக விழும். நூலகம் இதற்கு எச்சரிக்கை எதுவும் தராது. செ.மீ., மி.மீ., அங்குலம், புள்ளி ஆகிய நான்குக்கும் தனித்தனி உறைகள் இருப்பது நல்ல வசதி. நூற்றுவீதத்தில் அகலம் வைக்க மட்டும் கைப்பிடி, அதாவது ஆயத்தக் கட்டளை, இல்லை. கோப்பு வடிவம் நூற்றுவீதத்தை ஏற்றுக்கொள்கிறது என்றாலும், வேர்டில் ஒருவர் நூற்றுவீதத்தில் வைத்த கலத்தின் அகலத்தை இந்த நூலகத்திடம் கேட்டால் ஒன்றுமில்லை என்றே பதில் வரும்.

கலங்களை ஒன்றிணைக்கும் இடத்தில் நான் இரண்டாவது தடவை விழுந்தேன். கொட்டேஷனின் அடியில் கூட்டுத்தொகை, பெறுமதி சேர் வரி, இறுதித்தொகை என்று மூன்று நிரைகள். அவை ஒவ்வொன்றிலும் முதல் ஐந்து கலங்களை ஒன்றாக்கி, அதில் பெயரையும் ஆறாவதில் தொகையையும் எழுத வேண்டும். 2024 ஜனவரி 1 முதல் பெறுமதி சேர் வரி 18 சதவீதமானபோது வாடிக்கையாளர்கள் வரியைத் தனி வரியாகக் காண விரும்பினார்கள் என்றும், அதனால் அந்த நிரை முக்கியம் என்றும் முதலாளி சொல்லியிருந்தார். அக்காலத்தில் நான் இன்னும் கலம் கலமாகச் சுற்றிவரும் முறையில்தான் இருந்தேன். ஐந்து கலங்களை ஒன்றாக்கிய பின்னரும் அந்த நிரையின் கலங்களைக் கேட்டால் நூலகம் ஆறு கலங்களையே தருகிறது. முதல் ஐந்தும் ஒரே கலம், ஐந்து தடவை திரும்பத் திரும்ப வருகிறது. என் சுற்று அதற்கு முதலில் 1.0 என்று எழுதியது, அதன் மேல் 7.0, பின்னர் 1.5, மீண்டும் 1.5, கடைசியில் 2.8. ஐந்தையும் சேர்த்து 13.8 செ.மீ. இருக்க வேண்டிய கலம் 2.8 என்ற குறிப்போடு நின்றுவிட்டது. இதற்கும் தீர்வு வரிசையை மாற்றுவதுதான். அகலங்களை முதலில் வைத்துவிட்டுப் பின்னர் ஒன்றிணைத்தால் நூலகம் விழுங்கும் ஒவ்வொரு கலத்தின் அகலத்தையும் கூட்டிக்கொண்டே போய் 13.8ஐத் தானே எழுதிவிடும். இந்த இடத்தில் அதன் நடத்தை பாராட்டத்தக்கது; ஒன்றிணைக்கும் கட்டளையை எழுதியவர் அகலத்தை மறக்கவில்லை.

இனித் தமிழுக்கே உரிய ஒரு தொல்லை. அகலம் எல்லாம் சரியாக வந்த பின்னும் விபர நிரலில் தமிழ்ப் பெயர்கள் மூன்று நான்கு வரிகளாக மடிந்தன. எழுத்தின் அளவை 11 புள்ளியிலிருந்து 9 ஆக்கினேன். இலக்கங்களும் ஆங்கிலக் குறியீடுகளும் சிறுத்தன, தமிழ் அசையவில்லை. நிரல்தான் பிழை என்று எண்ணி அரை நாள் அகலங்களோடு மல்லுக்கட்டினேன். உண்மையில் கோப்பு வடிவம் தமிழ், சிங்களம், அரபு போன்ற எழுத்துகளைச் சிக்கலான எழுத்துமுறை என்ற தனி வகையில் வைத்திருக்கிறது. அவற்றுக்கு எழுத்துரு, அளவு, தடிப்பு ஆகிய மூன்றும் இலத்தீன் எழுத்துகளுக்கு உரியவற்றிலிருந்து வேறான குறிப்புகளில் எழுதப்பட வேண்டும். பைதன்-டொக்எக்ஸில் எழுத்துருவின் பெயரை வைத்தால் அது இலத்தீன் பக்கத்துக்கு மட்டுமே போகும். அளவும் அப்படியே. தடிப்புக்கு மட்டும் சிக்கலான எழுத்துக்கென ஒரு கைப்பிடி இருக்கிறது. அளவுக்கு இல்லை, எழுத்துருப் பெயருக்கும் இல்லை. ஆகவே எக்ஸ்எம்எல் உறுப்புகளை நாமே கையால் சேர்க்க வேண்டும். பத்து வரிச் செய்நிரல்தான், ஒரு தடவை எழுதி வைத்துக்கொண்டால் போதும். ஆனால் தமிழில் ஆவணம் செய்பவர் ஒவ்வொருவரும் அந்தப் பத்து வரியைத் தாமே கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

கொழும்பில் இது இன்னும் ஒரு படி சிக்கலாகிறது. ஒரே கலத்தில் பொருளின் பெயர் சிங்களத்திலும் தமிழிலும் வர வேண்டியிருக்கிறது. இரண்டுமே சிக்கலான எழுத்து வகை என்பதால் இரண்டுக்கும் ஒரே எழுத்துருக் குறிப்புத்தான். லதா என்ற தமிழ் எழுத்துருவை எழுதினால் சிங்களத்துக்கு அதில் வடிவம் இல்லை, இஸ்கோல பொத என்ற சிங்கள எழுத்துருவை எழுதினால் தமிழுக்கு இல்லை. மொழிக்கு ஒரு துண்டாகப் பிரித்து எழுதலாம், அல்லது விண்டோஸ் 8 முதல் வரும் நிர்மலா யூஐ போன்று இரண்டு எழுத்தையும் தாங்கும் எழுத்துருவைக் கொடுக்கலாம். நான் இரண்டாவதைச் செய்தேன். அளவும் எழுத்துருவும் சரியான பின்னர்தான் 7.0 செ.மீ. விபர நிரலுக்குப் போதும் என்பது தெரிந்தது. அதற்கு முன் அதை 8.2 வரை தள்ளிக்கொண்டு போயிருந்தேன், பிழை வேறெங்கோ இருக்க.

இன்னும் இரண்டு குறைகளை ஓடிக்கொண்டே சொல்கிறேன். அட்டவணை அடுத்த பக்கத்துக்குப் போகும்போது தலைப்பு நிரை திரும்ப வருவதற்கான கைப்பிடி இல்லை. அதற்கும் எக்ஸ்எம்எல்லில் கை வைக்க வேண்டும். பெரிய அட்டவணைகளில் வேகம் குறைவு. இத்தனையாவது நிரை, இத்தனையாவது நிரல் என்று சொல்லி ஒவ்வொரு கலத்தையும் அழைத்தால் நூலகம் ஒவ்வொரு அழைப்புக்கும் அட்டவணையின் கலங்கள் முழுவதையும் மறுபடி எண்ணிப் பார்க்கிறது. இருபது நிரைக் கொட்டேஷனில் இதை உணர மாட்டீர்கள். முழு விலைப்பட்டியலையும் ஒரே அட்டவணையாக எடுத்தபோது மின்விசிறி சத்தம் போட ஆரம்பித்தது.

மற்றத் தெரிவுகளையும் பார்த்துவிட்டே இதை எழுதுகிறேன். ஜாவா மொழியில் எழுதுபவர்கள் அப்பாச்சி பிஓஐ (Apache POI) என்ற நூலகத்தை எடுப்பார்கள்; அங்கேயும் சட்டகத்தைத் தனியே நாமே சேர்க்காவிட்டால் லிப்ரே ஒபிஸில் அகலங்கள் சரிவராது. இங்கே நான் பட்டதன் மறுபக்கம் அது. ஜாவாஸ்கிரிப்டுக்கு உள்ள டொக்எக்ஸ் என்ற நூலகம் நிரல் அகலங்களையும் கல அகலத்தையும் இரண்டு தனி விருப்பங்களாக வெளிப்படையாகவே கேட்கிறது. ஒரே எண்ணை இரண்டு தடவை எழுதுவது அலுப்பாக இருந்தாலும், கேட்பதிலாவது நேர்மை இருக்கிறது. விண்டோஸில் வேர்டையே செய்நிரலால் இயக்கும் வழியும் உண்டு. அகலத்தை வேர்டே பார்த்துக்கொள்ளும், ஆனால் செய்நிரல் ஓடும் இடத்தில் எல்லாம் வேர்ட் வேண்டும்.

பைதன்-டொக்எக்ஸின் மேல் கட்டப்பட்ட டொக்எக்ஸ்டிபிஎல் என்ற நூலகம் இவற்றில் தனியே குறிப்பிடத்தக்கது. அதில் அட்டவணையை வேர்டிலேயே கையால் வரைந்து, அகலங்களைச் சுட்டியால் இழுத்து வைத்து, நிரை திரும்பத் திரும்ப வர வேண்டிய இடத்தில் ஜின்ஜா (Jinja) என்ற வார்ப்புரு மொழியின் குறிகளை எழுதி வார்ப்புருவாகச் சேமித்துவிடலாம். செய்நிரல் தரவை மட்டும் ஊற்றும். நிரல்களின் எண்ணிக்கை மாறாத படிவங்களுக்கு, பாடசாலைத் தேர்ச்சி அறிக்கை, சம்பளத் துண்டு போன்றவற்றுக்கு, இதையே தயங்காமல் பரிந்துரைப்பேன். அகலத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை, தமிழ் எழுத்துருவும் வார்ப்புருவிலேயே நின்றுவிடும். என் வியாபாரியோ ஒரு வாடிக்கையாளருக்கு அலகு விலையை மறைப்பார், இன்னொருவருக்கு விநியோகத் திகதியைச் சேர்ப்பார். நிரல்கள் நாளுக்கு நாள் மாறும் இடத்தில் வார்ப்புருக்களைப் பெருக்கிக்கொண்டு போவதைவிட அகலங்களைச் செய்நிரலில் வைத்திருப்பதே எனக்கு இலகுவாக இருந்தது.

ஆகையால் பைதன்-டொக்எக்ஸை நான் விட்டுவிடவில்லை. பூச்சிய நிரையில் தொடங்குவது, தாளை முதலில் ஏ4 ஆக்குவது, நெகிழ்வை நிறுத்துவது, அகலம் வைத்த பின்னரே ஒன்றிணைப்பது, தமிழுக்கான அளவைக் கையால் எழுதுவது ஆகிய ஐந்தும் இப்போது ஒரே சிறு செயற்கூறுக்குள் அடங்கியிருக்கின்றன. அகலங்களின் பட்டியல் செய்நிரலின் தலைப்பில் ஒரே வரியாக நிற்கிறது. கூட்டுத்தொகை பதினேழைத் தாண்டினால் கோப்பை எழுதாமல் நிறுத்திவிடும் ஒரு சோதனையையும் சேர்த்திருக்கிறேன், நூலகம் அதைச் செய்யாது என்பதால். கடந்த மாதம் முதலாளி தள்ளுபடிக்கென ஏழாவது நிரல் கேட்டார். விபரத்தின் 7.0ஐ 5.4 ஆக்கி, மிஞ்சிய 1.6ஐப் புதிய நிரலுக்குக் கொடுத்து அனுப்பினேன். அன்று கடையிலிருந்து தொலைபேசி வரவில்லை.